பத்துத் துண்டுகள்

ஓரடிக்கு ஒன்றாய்த் தரையில்
பத்துத் துண்டு சாஸேஜ்.
மற்ற நாய்களுக்குப் பன்னிரண்டு நொடி வேலை.
வால்டோவுக்கு
நேற்று நாலு நிமிடம், இன்று ஆறு.

முதல் துண்டு ருசித்ததுமே
பின்னங்கால்கள் மடங்குகின்றன,
பிறகு கழுத்து.
டோபர்மேன் உடம்பு முழுசும்
ஈரத் துணியாய் லினோலியத்தில் சரிகிறது.
கண் மட்டும் திறந்தே இருக்கிறது.
இரண்டாம் துண்டைப் பார்க்கிறது.

கலிபோர்னியா, சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு,
தொண்ணூற்றியேழு ஜூலை.
வெளியே கார்க் கதவைத் தொட்டால் விரல் சுடும்.
உள்ளே வெர்லின் ஹாட்ச்
ஸ்டாப்வாட்ச்சோடு மண்டியிட்டிருக்கிறாள்.

மூளைத்தண்டில் ஒரு நீலப் புள்ளி.
மயிரைவிட மெல்லிய கம்பி
அங்கே ஒரு செல்லை ஒட்டுக்கேட்கிறது.
விழித்திருக்கையில் ஸ்பீக்கரில்
சோளப்பொரியாய் வெடிக்கும் அது.
உறக்கம் வந்தால் விட்டுவிட்டு.
கனவில் வாயே திறக்காது.
அவன் விழும்போதும் அதே மௌனம்:
கனவுக்கான பூட்டை
விழித்திருப்பவன்மேல் மாட்டிவிட்டார்கள் யாரோ.

வேறொரு கம்பி, இன்னும் முன்னே.
அங்கே ஒரு ஹிஸ்டமின் செல்
டிக், டிக், டிக்.
கதவுதான் திறக்கவில்லை,
வீட்டில் ஆள் இருக்கிறது.

கணவனை அடக்கம் செய்துவிட்டு
பதினேழு நாள் கழித்து அவள் வேலைக்கு வந்த காலை
அவனுக்கும் அவளுக்கும் நடுவே இருபதடி நடை.
ஏழுமுறை விழுந்தான்.
கைப்பழக்கம், பட்டனை அழுத்தினாள்.
படிவத்தில் எழுதினாள்.
தூண்டல்: உணவு, இல்லை.
விளையாட்டு, இல்லை.
அதற்குமேல் கட்டம் இல்லை.

அன்றிலிருந்து
மின்கட்டணம் கட்ட வந்தவள் மாதிரி
கூண்டுக்குள் போகிறாள்.
பேரைச் சொல்வதில்லை.
அவன் நிற்கிறான்,
நாலு காலிலும்,
அவளையே பார்த்துக்கொண்டு.
வால் ஒருபக்கம் ஒரே ஒரு தடவை அசைய
அவள் சட்டென்று
சுவரில் தீயணைப்பான் விதிமுறையைப் படிக்கிறாள்.

இரவு ஷிஃப்டில்
அவன் பாதங்கள் உதறத் தொடங்கும்.
இமைக்கடியில் கண் ஓடும்.
எங்கேயோ எதையோ துரத்துகிறான்.
அங்கே விழுகிறானா என்று
எந்தப் பேனாவும் வரைந்து காட்டியதில்லை.

படுத்திருக்கிறவன் விழ முடியாது என்று
அப்போதுதான் கம்பிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து
மெதுவாகச் சொல்கிறாள்:
வால்டோ.
டேய், வால்டோ.

இடது காது திரும்புகிறது.
தாளில் கோடு ஒரு கணம் துள்ளுகிறது.
இரண்டு பதினாலு என்று குறிக்கிறாள்.
காரணம் எழுதவில்லை.