அகட்டின கை

நாளைக்கு எண்ணூறு பனியனுக்கு
அக்குள் மூட்டுகிறேன்.
என் அக்குளில்
பிளேடு கீறின மாதிரி வரிவரியாய் வெடிப்பு.
சித்திரையில் நீர் கோத்து, உடைந்து,
நாறும்.
ஐப்பசியில் அடங்கிப்
பழுப்பாய்க் கிடக்கும்.

படர்தாமரை என்று
பெருமாநல்லூர் மருந்துக்கடை
ஆறு வருசம் களிம்பு கொடுத்தது.

கோயமுத்தூரில்தான்
பயறளவு தோல் வெட்டிப் பார்த்து
வாயில் நுழையாத பேர் சொன்னார்கள்.
தொத்தாது. தீராது.
"வீட்டுல வேற யாருக்காச்சும் இருக்குங்களா?"
இல்லைங்க என்றேன்.

திரும்பும் பஸ்ஸில்
கம்பி பிடிக்கக் கை தூக்க முடியாமல்
அகட்டிக்கொண்டு நின்றேன்.
"என்னுங் மகாராணி,
கொஞ்சம் ஒடுங்கி நில்லுங்" என்றான் கண்டக்டர்.

எங்கய்யன் நிற்பது அப்படித்தான்.
ஊத்துக்குளிச் சந்தையில், துண்டு போர்த்தி,
இரண்டு ஆள் இடத்தில் ஒற்றை ஆளாய்.

செங்கோடனுக்குத் திமிர் என்றார்கள்.
வெயில் ஏற ஏற ஏறுகிற திமிர்.

எனக்குமே தோணலை.