எத்தனை வினாடி

வாடகை எவ்வளவு என்று நான் கேட்பேன்.
ரொசெந்தோ பெட்டியைத் திறந்து
டிராம்போனை எடுத்துப் பொருத்துவான்.
ஒரே ஒரு சுரம், மூச்சு தீரும்வரை.
கைக்கடிகாரம் என் பொறுப்பு.

ரிபரால்தாவில், படகுத்துறையில் நின்று,
முப்பத்தொன்று வரை எண்ணியிருக்கிறேன்.
அந்த ஊரில் காற்று எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும்.
வேலைதான் கிடைக்காது.

லா பாஸ் ஒரு கிண்ணம்.
விளிம்பில் இல்லாதவர்கள், அடியில் இருப்பவர்கள்.
கீழே இறங்க இறங்க
வெயிலும் ஆக்சிஜனும் வாடகையும் ஏறும்.
நடுவில் எங்கோ மருத்துவமனை,
அதன் எக்ஸ்ரே அறையில் எனக்கு வேலை.
இழுங்க, பிடிங்க, விடுங்க என்று
நாளைக்கு எண்பது பேரிடம் சொல்கிறேன்.
சனிக்கிழமைகளில் இவனை எண்ணுகிறேன்.

முதலில் எல் ஆல்தோ.
பூச்சு காணாத செங்கல், மூன்றாம் மாடி,
கை நீட்டினால் தொடலாம் போலப் பனிமலை.
வாடகையை இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன், சரிதான்.
ஒன்பது வினாடி.
தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து,
உதட்டில் நீலத்தோடு,
"மலை நல்லா இருக்கு" என்றான்.
இந்த மனிதன் எதைப் புகழ்ந்தாலும்
அது வேண்டாம் என்று அர்த்தம்.

பிறகு ஒப்ராஹேஸ்.
வாசலில் எலுமிச்சை. சமையலறையில்
பிற்பகல் வெயில்
வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.
செருப்பைக் கழற்றி அதில் காலை வைத்தேன்.
மனசுக்குள் அடுப்பையும் வைத்துவிட்டேன்.
பதினேழு வினாடி, இன்னும் போயிருக்கும்.
காவலாளி வில்மெர் வந்தான்,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக:
"ஐயா, இங்கே நாய்கூட
அனுமதி வாங்கித்தான் குரைக்கும்."

சொப்போகாச்சியில் தோன்யா எடெல்மிரா
வாடகைக்கு இல்லை, ஒத்திக்குத்தான் என்றாள்.
சொன்ன தொகையில்
எங்கள் சேமிப்பைவிட ஒரு பூஜ்யம் கூடுதல்.
பெட்டியைத் திறக்கவே இல்லை.

திரும்பும் வழியில், கேபிள் காரில், சண்டை.
"உன் குழலுக்கு வீடு பார்க்கிறோமா, நமக்கா?"
"உன் வெயிலுக்கா, நமக்கா?"
கீழே ஊர் முழுக்கக் கூரைகள்,
ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ
எப்படியோ முடிவு செய்திருக்கிறார்கள்.
எதிரே மடியில் முட்டை அட்டைகளோடு ஒரு பெண்
என் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.
இறங்கும்போது சொன்னாள்:
"பம்பஹாசியில் என் கொழுந்தன் வீட்டு மாடி காலி.
அந்தத் தெருவுக்குச் சத்தம் பழக்கம்."

நூற்றுப் பதினான்கு படிகள்.
சன்னலைத் திறந்தால் மண்சுவர்.
பெருமழையில் சரிவு கொஞ்சம் நகரும் என்று
கீழ்வீட்டு வெல்டர் ஃப்ளோரென்சியோ
பால் விலை சொல்வதுபோல் சொன்னார்.
நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவதற்குள்
இவன் ஊதத் தொடங்கிவிட்டான்.
பதின்மூன்று.

சுரம் அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு இரண்டு தெரு தள்ளி,
தகரக் கூரைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்:
"சுருதி இறங்குதுப்பா! ஏத்து!"

இந்த ஊருக்கு வந்து ஆறு வாரத்தில்
அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.
குழலை அரை விரல் உள்ளே தள்ளி
மறுபடி ஊதினான்.
நான் எண்ண மறந்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டது நான்தான்.
மூன்று மாத முன்பணமும் என்னுடையது.
சமையலறைக்கு வெயில்,
சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள சந்து வழியாக,
காலை ஏழேகாலுக்கு வருகிறது.
ஏழு முப்பத்தைந்துக்குப் போய்விடுகிறது.
நான் ஆறே முக்காலுக்கே படியிறங்க வேண்டும்.

ஞாயிறு இருக்கிறது.
நாற்காலியை இழுத்துப் போட்டு,
இருபது நிமிடம்.
எண்ணியிருக்கிறேன்.