மூன்றாவது

உப்புக்காற்று தின்ற பழைய பெட்டி
வெள்ளி இரவு ஒருதரம் முனகி அணைந்தது.
டொக்யார்ட் வீதி ஸ்டூடியோவுக்குள்
நாலு ஹாட் டிஸ்க், பதினொரு வருசக் கலியாணங்கள்.
மூதூரில் மச்சானிடம் ஒரு பிரதி உண்டு,
இருந்தாலும்.

பிளக்கைக் கழற்றிய பிறகும் தொடவில்லை ஜெனோசன்.
சுழற்சி ஓயட்டும் என்று நூறுவரை எண்ணினான்.
இரும்பு அலுமாரியைத் தொட்டுக் கையின் மின்னை இறக்கினான்.
ஒன்று, இரண்டு, நாலு.
மற்றதின் மாஸ்கிங் டேப்பில் எண் இல்லை,
ஈரத்தில் மை ஊறி நீலக் கறை.
"மிச்சம் அதுதானே, அப்ப அதுதான் மூண்டு"
என்றாள் துவாரகி, டோர்ச்சைத் தாழ்த்தாமல்.

புதுப் பெட்டி. அதே வரிசை.
திரை கேட்டது:
எல்லாம் அழித்துப் புதிதாய்த் தொடங்கவா?
அந்தப் பொத்தான்தான் பெரிது, பச்சை.
அவன் விரல் கீழிறங்கிச் சாம்பல் எழுத்தைத் தேடியது:
இருப்பதைக் கொண்டு வா.

மூன்றாவது விளக்கு மஞ்சளில் நின்றது.
வெளியே குப்பைவாளியை ஒரு மான் முட்டிற்று.
போன மாசம் கோட்டில் பிரிந்த சாம்பல்தீவுச் சோடி
நாலு தட்டிலும் துண்டுதுண்டாய்க் கிடந்தது,
அவன் நெற்றி ஒன்றில், அவள் மூக்குத்தி மூன்றில்.

"அவையளும் வேணுமே?"
"காசு பாக்கி" என்றான்,
மஞ்சளை விட்டுக் கண்ணெடுக்காமல்.