செயப்பாட்டு வினை

மையத்திலிருந்து வரும் தாளில்
யாரும் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.
மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என
அறிவுறுத்தப்படுகிறார்கள்.
அறிவுறுத்துவது யார்?
எந்த வலைக்குப் பக்கத்தில் நின்று?
அந்த வினைக்குப் பின்னால் ஒரு நாற்காலி,
அதில் ஆளில்லை.

காசிமேட்டில், ஐஸ் பாக்டரிக்கு மேல்மாடியில்
எங்கள் நிலையம்.
முட்டை அட்டை ஒட்டிய சுவர்.
தெற்கே ராயபுரம் பாலம்,
வடக்கே திருவொற்றியூர்க் குப்பங்கள் வரை குரல் எட்டும்,
அதற்கப்பால் வெறும் இரைச்சல்.
கீழே ஐஸ் உடைக்கும் சத்தம்
எப்படியும் மைக்குக்குள் வந்துவிடும்.
அதைக் கேட்டுத்தான்
நேரலை என்று நம்புகிறார்கள்.

போன மாதம் நான்கு நாள் வாசித்தேன்.
மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன.
புயல் நெல்லூர்ப் பக்கம் திரும்பிப் போனது.
வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி.
மறுநாள் சுந்தரவதனி படியேறி வந்தாள்,
இடுப்பில் காலி அன்னக்கூடை.
"நீதான ரேடியோல பேசறது?"
நான்தான்.
"நாலு நாளா மீனு இல்ல.
தண்டல்காரன் கைல நீ வந்து சொல்றியா,
பொயலு வழி மாறிப் போச்சுன்னு?"
தேசப்பன் தலை நிமிராமல்
ஒரே ஒயரைச் சுற்றிச் சுற்றி
மறுபடி பிரித்துக்கொண்டிருந்தான்.

இன்று மீண்டும் தாள்.
இரவு பதினொன்று பத்து.
மணிக்கு எண்பது, இடையிடையே தொண்ணூற்றைந்து.
மாநிலம் முழுக்க இதே நிமிடம்
இதே தாள் எத்தனையோ மேசைகளில்.
பெரிய நிலையங்கள் பாட்டை நிறுத்தி
இனிய குரலில் வாசிக்கும்.
நிலையங்களின் சங்கம் அனுப்பிய சுற்றறிக்கை
கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்குகிறது:
சொல்லை மாற்றக் கூடாது.
பதற்றம் கூடாது.
பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை.

முதல் முறை அப்படியே வாசித்தேன்.
அறிவுறுத்தப்படுகிறார்கள்.
என் வாயிலிருந்து போய்
எந்தக் கதவிலும் அது முட்டவில்லை.

அடுத்த முறை தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
"காசிமேட்டு குமுதா பேசறேன்.
போன தபா நான் சொன்னது நடக்கல. தெரியும்.
இந்த தபாவும் நடக்காமப் போலாம்.
காத்து எனக்குப் பத்திரம் எய்திக் குடுக்கல.
ஆனா ஜன்னலு அட்ச்சிக்குது. கேளுங்க."
ஜன்னலைத் திறந்தேன்.
தேசப்பன் மைக்கை
வெளியே இருட்டுக்கு நீட்டிப் பிடித்தான்.
ஒரு நிமிடம், காற்று தன் வாயால் பேசியது.
"போவாதீங்க.
எஞ்சினக் கயட்டி மேல ஏத்துங்க.
கார்ப்பரேசன் ஸ்கூலு தொறந்து கீது.
பாய் கீது, பால் பவுடரு கீது,
கக்கூஸ்ல தண்ணி வருது,
நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்."

ஒன்று நாற்பதுக்கு மின்சாரம் போனது.
கொஞ்ச நேரத்தில் போன்களும் ஊமை.
மிச்சம் இருந்தது நாங்களும் ஜெனரேட்டரும்.
டீசல் நாலு மணிவரைதான் என்றான் தேசப்பன்.
ஐஸ் பாக்டரி மொய்தீன் ஒரு கேனைக் கொண்டுவந்து
கேட்காமலே வைத்துவிட்டு இறங்கினார்.
அவருடைய ஐஸ் அதற்குள்
வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது.
ஆடும் ஆன்டெனாவை
வலைக்கயிற்றால் தண்ணீர்த் தொட்டியோடு கட்டினோம்.
பேசினேன்.
தொண்டை கட்ட, வெந்நீர் குடித்துப் பேசினேன்.
கேட்பவர் தலையசைப்பதை
எந்த ஆன்டெனாவும் திருப்பிக் கொண்டுவராது.
உறங்கும் ஊருக்கா, காலி ஊருக்கா,
கேலியாகச் சிரித்துவிட்டுப்
படகைத் தள்ளிய ஊருக்கா?

ஐந்தே முக்காலுக்கு, ஜீப்பில், ஈரமாய், புதிய தாள்.
மரங்கள் சாய்ந்துள்ளதாகக் கூறப்படுகிறது.
சேதம் கணக்கிடப்பட்டு வருகிறது.

வாசிக்க மைக்கை இழுத்தபோது
படியில் தண்ணீர் சொட்டும் சத்தம்.
தலையில் யூரியா சாக்கு கவிழ்த்து
சுந்தரவதனி.
திட்டவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை.
விரித்த உள்ளங்கையில்
இரண்டு பேட்டரி செல்.
"தீந்து பூட்ச்சி," என்றாள்.
"ராவெல்லாம் வுடாம பேசிக்கினே கீற.
வேற ரெண்டு குடு."