ரெண்டு கோடு

பெருந்துறை சிப்காட், சாயப்பட்டறை,
ஏழாம் நம்பர் மெஷின்.
என் நிரலை எழுப்ப மூன்று சொல் போதும்:
லாட், கிலோ, நிறம்.
வரிசை மட்டும் மாறக்கூடாது என்று
தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன்.
நீராவியில் அந்தத் தாள்
எப்போதோ சுருண்டு விழுந்துவிட்டது.

ஆவணியில் ஒரு நைட் ஷிப்ட்.
லாட் 410, துணி 140 கிலோ.
சென்னியப்பன் முன்பின்னாக அடித்தார்.
நிரல் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.
நானூற்றுப் பத்து கிலோவுக்கு உண்டான சாயத்தை
நூற்று நாற்பது கிலோ பனியன் துணி குடித்தது.
கடல்நீலம் கேட்ட டென்மார்க்காரனுக்கு
விடியும்போது அமாவாசை தயாராக இருந்தது.

"உங்க புரோகிராம் ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமல்லங்க?"
கோபமே இல்லை.
சம்பளத்தில் பிடிப்பார்களா என்பதை
அந்த ‘ங்க’வுக்குள் மடித்து வைத்திருந்தார்.
பிடித்தார்கள், ரெண்டு மாசம்.
என் சம்பளத்தில் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்தேன்.
நிரலிடம் வந்து சேரும் சொற்களை
முதன்முறையாக வரிசையாக அச்சிட்டுப் பார்த்தேன்.
சுழியமாவது இடத்தில் நிரலின் சொந்தப் பெயர்.
அடுத்தவர் பேச்செல்லாம் ஒன்றிலிருந்துதான்.
எங்கள் ஆபீசிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

இனி ஒவ்வொன்றுக்கும் முன்னால்
ரெண்டு கோடு, ஒரு பெயர்.
--கிலோ 140 --லாட் 410
எது முந்தி வந்தாலும் சரி.
அவசரக்காரருக்கு ஒற்றைக் கோடு, ஒற்றை எழுத்து,
வீட்டில் கூப்பிடும் பெயர் மாதிரி.
எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் நிற்கவேண்டும்.
அறுநூறைத் தாண்டினால் நிற்கவேண்டும்,
மெஷினின் வயிறு அவ்வளவுதான்.
மயில் பச்சை என்று இடம் விட்டு அடித்தால்
மயிலை நிறமென்று வாங்கிக்கொண்டு
பச்சையைக் கையில் வைத்து விழிக்கும்.
மேற்கோளுக்குள் போடச் சொல்லவேண்டும்.

நிறமே சொல்லாவிட்டால்?
சொல்லாததை நானே நிரப்பலாம், வெள்ளை என்று.
ஒரே வரி. கை அங்கே நின்றுவிட்டது.
என்னைக் கேட்காமலே நிரப்பியவை நிறைய:
சனிக்கிழமை வருவேன் என்று,
கோபிப் பக்கத்து மாப்பிள்ளை என்றால்
மறுக்கமாட்டேன் என்று.
வெள்ளையை அழித்தேன்.
கட்டாயம், என்று எழுதினேன்.
கேட்டே ஆகவேண்டும்.

பிழைச் செய்திகளை ஆங்கிலத்தில் விட மனசில்லை.
‘கிலோ எத்தனைன்னு சொல்லலீங்களே.’
‘ஏனுங்க, அறுநூறுக்கு மேல தாங்காதுங்க.’
மெஷினுக்கு எதுக்கும்மா மரியாதை, என்றார் மொதலாளி.
மெஷினுக்கு இல்லீங்க, என்றேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள்
ராத்திரிப் பதிவேட்டைத் திறந்தேன்.
3:12. --நிறம் "மயில் பச்சை" --கிலோ 220 --லாட் 518
ஓடியது.
3:40. --டீ 2
‘அப்புடி ஒண்ணு தெரியாதுங்க.’
3:41. --டீ 1
‘அப்புடி ஒண்ணு தெரியாதுங்க.’
சென்னியப்பன்தான். பேரம் பேசியிருக்கிறார்.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

4:05. ஆள் வேறு. மிதிலேஷ்,
சமஸ்திபூரிலிருந்து வந்து எட்டு மாசம்.
--லீவு 6 --காரணம் "அம்மா ஒடம்பு சரில"
மேற்கோள் குறிகூட மறக்கவில்லை.
‘அப்புடி ஒண்ணு தெரியாதுங்க.’
திரும்ப அடிக்கவில்லை.

டீக்கு ஒரு வரி சேர்த்தேன்:
‘கேண்டீன் அஞ்சு மணிக்குத்தானுங்க.’
லீவுக்கு எழுத என்னிடம் பதில் இல்லை.
அந்த ஒரு வரியை மட்டும் தாளில் எடுத்துக்கொண்டு
மேனேஜர் ரூமுக்கு நடந்தேன்.
மூன்று சொல் போதும் என்றுதான் நினைத்தேன்.
கதவைத் தட்டிய பிறகு
வரிசை மறந்துபோனது:
அவன் பேரா, ஆறு நாளா, அம்மாவா,
எதை முதலில் சொல்ல.