மைக்செட்

பொகவந்தலாவை, மேற்பிரிவு.
பிரட்டுக்களத்தில் சங்கக் கூட்டம்.
பூவாயி எழுந்து மைக்கைப் பிடித்தாள்:
"தராசு பொய் சொல்லுது,
தெனமும் மூணு கிலோ காத்துல போகுது."
கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
நான் குமிழைத் திருகினேன்.

அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.
கரண்டு போயிருச்சு என்றேன்.
என் தலைக்கு மேல் குண்டுபல்பு எரிந்தது.

மாசித் திருவிழாவுக்கும் அதே பெட்டி, அதே குமிழ்.
பன்னீர் பேசினான்:
"நவ்பர் நானா கடைச் சீனியில
என்னமோ கலக்குறான். நம்ம பொம்பளைகளுக்குப்
புள்ள தங்காது."
யார் பார்த்தது, எப்போது, ஒன்றும் சொல்லவில்லை.
இந்தத் தடவை என்னை யாரும் பார்க்கவில்லை.
பேச்சுதானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று
பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தேன்.
நானா கடைச் சீனி போட்டது.

விடியும்போது கடை கரி.
பிள்ளைகளைப் பின்பக்கக் கூரை வழியே இறக்கினார்களாம்.
கருகிய சீனி வாசம்
ஏழாம் நம்பர் மலை வரைக்கும் ஏறி வந்தது,
கொழுந்துக் கூடைக்குள்ளும்.

பொலிஸ் ஐயா கேட்டார்:
நிறுத்தத் தெரியாதா உனக்கு?
தெரியும் ஐயா.
ஒரு தடவை நிறுத்தியிருக்கிறேன்.

அவள் பேச்சில் நோகக்கூடியது ஒரு தராசு.
அவன் பேச்சில், கதவைச் சாத்தித் தூங்கிய ஐந்து பேர்.
இவ்வளவுதான் கணக்கு.
அன்றைக்கு என் கட்டைவிரலுக்கு அது தெரியவில்லை,
முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம்.
பூவாயி பெயர் கொடுத்திருக்கிறாள்.
குமிழைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
பிறகு ஞாபகம் வந்தது,
பன்னீரும் பெயர் கொடுத்திருக்கிறான்.