காப்பீட்டு மேசை, தரைத்தளம்

லிஃப்டுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் என் மேசை.
தலைக்கு மேல் டியூப்லைட்
மூன்று வாரமாகக் கண் சிமிட்டுகிறது.
நாளைக்கு என்கிறார் எலெக்ட்ரீசியன், தினமும்.

பதினோரு மணிக்கு ஒச்சம்மாள் வந்தாள்.
அவள் முகம் மதுரையில் யாருக்கும் தெரியாது,
குரல் தெரியும்:
மாட்டுத்தாவணியில் ஒன்பதாம் நடைமேடைக்கு
ராஜபாளையம், தென்காசி என்று
நம்மை ஓடவைக்கிற குரல்.
இன்று கறுப்புக் கண்ணாடி. பேச்சு கிசுகிசுப்பு.
பின்னால் நின்றவளின் தலையில் இரண்டு முழம் மல்லி.
முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு,
"பூ மேல கோவம் இல்லைக்கா" என்றாள், யாரிடமோ.

டாக்டர் எழுதியது மாதம் ஒரு ஊசி.
பேனா போல இருக்கும்; தொடையில் தானே குத்திக்கொள்ளலாம்.
ஐஸ் பெட்டியில் வரவழைக்க வேண்டும்.
பதினெட்டாயிரத்து நானூறு.
வீட்டுக்காரருக்குக் கப்பலூர் கம்பெனி கொடுத்த அட்டையை
இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினாள்,
கடைசித் துருப்பை இறக்குவதுபோல்.

இந்த அட்டை படுத்தவர்களுக்கு, என்றேன்.
(ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன் இதை.)
இருபத்துநாலு மணி நேரம் எங்கள் கட்டிலில் கிடந்தால் வியாதி.
நின்றுகொண்டு வலித்தால் செலவு.
"மூணு நாள் படுத்துத்தான் கிடந்தேன்,
ஜன்னலுக்குப் போர்வை கட்டி."
அந்த அறை பட்டியலில் இல்லை என்று
எப்படிச் சொல்வது? சொன்னேன்.

புறநோயாளிக்கென்று ஒரு பின்னிணைப்பு இருந்தது.
நாற்பத்தோராம் பக்கம், எறும்பெழுத்து.
முதலில் இரண்டு பழைய மாத்திரைகள் தோற்றிருக்க வேண்டும்.
"ஒண்ணு தலைய விட்டுட்டு நாடிய அமுக்கிருச்சு.
இன்னொண்ணு..."
நிறுத்தினாள்.
மைக் திறந்திருக்க, வண்டி உறும,
அருப்புக்கோட்டை என்ற சொல் வரவே இல்லையாம்.
ஊர் கண்ணுக்குள் நிற்கிறது, பெயர் இல்லை.
டிரைவர் ஹாரன் அடித்தே ஆள் ஏற்றினாராம்.
அதற்குச் சான்றிதழ் வேண்டும்,
டாக்டரின் லெட்டர்பேடில், முத்திரையோடு.

பழைய பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
ஆண்டின் முதல் பத்தாயிரம் உங்களுடையது.
அதற்குமேல் பாதிக்குப் பாதி.
அவர்கள் பங்கு இருபத்தையாயிரத்தைத் தொட்டதும் நின்றுவிடும்.
ஆக, முதல் மாதம் அந்தப் பத்தாயிரமும்
விலையில் பாதி ஒன்பதாயிரத்து இருநூறும்...
"அக்கா," என்றாள், "மருந்து விலையவிட
என் பங்கு கூட வருதே."

வந்தது.
பத்தாயிரத்தைக் கழித்துவிட்டல்லவா பாதியாக்க வேண்டும்.
நாள் முழுதும் தடம் எண்ணும் நேரமும் சொல்பவள்
பேனாவை வாங்கித் தானே எழுதினாள்:
பதினாலாயிரத்து இருநூறு.
ஒன்பதாயிரத்து இருநூறு.
மறுபடியும் அதே.
நாலாம் மாதம் பதினாறாயிரம்.
"அஞ்சாவது?"
முழுக்க நீங்கதான்.
"என் சம்பளமே பதினஞ்சு."

மூன்று வாங்கினால் ஒன்று இலவசமாம்,
ஆடித் தள்ளுபடி மாதிரி, என்றேன்.
சிரிக்கவில்லை. சிரித்தால் நெற்றி இழுக்கும்.
"சித்திரைக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்கிறேன்.
அழகர் இறங்குற வாரம் ஸ்பெஷல் பஸ் நிக்காம வரும்.
அப்ப மட்டும் ஊர்ப் பேர் மறக்கக்கூடாது."

பிறகு என்னையே பார்த்தாள்.
"இடது கண்ணா?"

எண்களின் நடுவே, ரம்பத்தின் பல்லாக, ஒரு வெளிச்சம்
அரை மணி நேரமாக ஊர்ந்துகொண்டிருந்தது.
தப்பான கூட்டல் அங்கேதான் விழுந்தது.
என் அட்டையும் படுத்தவர்களுக்குத்தான்.
டிராயரில் பத்து ரூபாய் மாத்திரைப் பட்டை,
ஒன்று மிச்சம்.

எழுந்து, என் நாற்காலியைச் சுற்றி வந்து,
சுவரில் சுவிட்சைத் தடவித் தேடி
டியூப்லைட்டை அணைத்தாள்.
கொஞ்ச நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை.

வரிசையில் அடுத்தவர் எட்டிப் பார்த்தார்:
"கவுண்டர் மூடியாச்சாம்மா?"